செயின் வண்டி தட்டுகிறது

அடையாறு
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீரஜாவின் நமஸ்காரம். இங்கே நான் சௌக்யம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. உன் இருமல் தேவலையா? கிருஷ்ணாவும் உன் மாட்டுப்பெண் ஸ்ரீரஞ்சனியும் சௌக்யமா?

போன தீபாவளிக்கு அப்புறம், "இனிமேல் போன் வேண்டாம், கடிதம் போடு, உன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்று நீ எழுதியபோது, எழுபது வயதை நெருங்கும்போது உனக்குக் கவிதை மனசு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஊரே விரலால் தட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் தபால் ஆபீசில் ஸ்டாம்புக்கு நிற்கிறேன். அங்கே இருக்கிற பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டைப் பில்டருக்குக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டோமே, தை முடிவதற்குள் காலி செய்து தரவேண்டுமாம். கொல்லையும் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். கொல்லை என்றால் அப்பாவின் செயின் வண்டியும் சேர்த்தி.

என் மாணவிகளுக்கு அதைக் காட்டினால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். டயர் கிடையாது, புல்டோசர் மாதிரி இரும்புச் செயின்மேல் ஊரும், ஸ்டியரிங்குக்குப் பதில் இரண்டு கைப்பிடி, இதை வைத்துத்தான் எங்கள் அப்பா ஸ்ரீனிவாசராகவன் திருவான்மியூர் மணலையெல்லாம் நிரவினார் என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நாற்பது வருஷமாக வேப்பமரத்தடியில் நின்று நின்று பாதி செயின் மண்ணுக்குள் போய்விட்டது. பழைய இரும்புக்காரன் வந்து சுற்றிப் பார்த்தான். காலால் ஒரு உதை உதைத்துவிட்டு, கேஸ் வைத்துத் துண்டு போட்டுவிடலாம் என்றான். அவன் உதைத்தது எனக்கு வலித்தது அண்ணா.

ஒரே ஒரு வழி இருக்கிறது. என்னிடம் வீணை கற்கும் பெண்ணின் அப்பா கோதண்டபாணிக்குக் கோவளம் தாண்டி ஒரு சவுக்குத்தோப்பு. பழைய வண்டி என்றால் அவருக்குப் பைத்தியம். தானாக ஓடி டிரெய்லரில் ஏறினால் எடுத்துக்கொள்கிறேன், பொம்மையாக நிற்பதை வாங்கி நான் என்ன செய்வது என்கிறார். அதனால் அதை ஓட்டிக் காட்டுவது என்று தீர்மானித்துவிட்டேன். ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறை வைத்திருக்கும் காதர் பாயைப் பிடித்திருக்கிறேன். உனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுது. அதை ஓட்டினவர்களில் மிச்சம் இருப்பது நீ ஒருவன்தான்.

இதோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். என்ன வாசித்தேன் என்று மேலேயே ஒட்டியிருக்கிறது. கேட்டுவிட்டுத் திட்டு. நீ காபி குடித்துக்கொண்டே சமையலறையிலிருந்து, "அனுமந்தரம் இறங்கியிருக்கு, ஏத்து" என்று கத்துவாயே, அந்தக் கடைசித் தடித்தந்தியை இப்போதெல்லாம் யாரும் கண்டுகொள்வதில்லை. நீ திட்டாத வாசிப்பு சப்பென்று இருக்கிறது.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
நீரஜா


நாக்பூர்
4 செப்டம்பர் 2024

சிரஞ்சீவி நீரஜாவுக்கு,

அண்ணா வெங்கடரமணனின் ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் க்ஷேமம். இருமல் போய்விட்டது. மழை ஓய்ந்து வெயில் சாம்பல் நிறத்தில் காய்கிறது.

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மார்கழி காலையில் ஆற்றுப் பக்கமிருந்து பனி வந்து கொல்லையை மூடியிருக்கும். அதற்குள் அப்பா எங்கே நிற்கிறார் என்று தெரியாது. முதலில் குட்டி இன்ஜின் படபடவென்று பேசும். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியது தொண்டையைச் செருமும். அப்புறம்தான் பனிக்குள்ளிருந்து வண்டி மூக்கை நீட்டும். நீ அப்போது தொட்டிலில். அது ஓடினால் தூங்குவாய், நின்றால் எழுந்து அழுவாய். அம்மா, "இன்னும் சித்த நாழி ஓடட்டுமே" என்று கெஞ்சுவாள். டீசல் என்ன, தாலாட்டா என்று அப்பா முணுமுணுப்பார். ஆனால் நிறுத்த மாட்டார்.

காதரிடம் சொல். பெரிய இன்ஜினை நேராக எழுப்ப முடியாது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே பெட்ரோல் குட்டி, அதைக் கயிறு சுற்றி இழுத்து முதலில் எழுப்ப வேண்டும். அது சூடானதும் பெரியதோடு கோத்துச் சுற்றவிட வேண்டும். பெரியது கொஞ்ச நேரம் சும்மா சுழலட்டும். பிறகு கம்ப்ரெஷன் லீவரைப் போட்டு அதன் மூச்சை அடைத்து டீசலைத் திற. அவசரப்பட்டால் இரண்டும் கோபித்துக்கொள்ளும். புகைக்குழாய் மேல் டின் கவிழ்த்திருக்கிறதா பார். இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்காது.

அப்பாவின் நீளமான ஸ்க்ரூ டிரைவர், மரப்பிடி போட்டது, கிடைக்கிறதா என்று தேடு. முனையை இன்ஜின்மேல் அழுத்தி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக்கொண்டால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். அவர் அப்படித்தான் நோய் கண்டுபிடிப்பார். பிடியில் ஒரு பக்கம் அவர் எலும்புக்கு ஏற்றாற்போல் தேய்ந்திருக்கும்.

பென்டிரைவில் நீ வாசித்த பிலஹரி பிரமாதம். விடிகாலை வெளிச்சம் ஜன்னலில் விழுந்த மாதிரி இருந்தது. குறை ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அண்ணா


அடையாறு
30 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். நான் சௌக்யம், உடம்பெல்லாம் கிரீஸ். நீங்கள் எல்லோரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

டின் இருந்தது. அதற்கடியில் அணில் கூடு இருந்தது. கூட்டுக்குள் என் பழைய ரவிக்கைக் கிழிசல் இருந்தது. குழாய் அடைத்துக்கொண்டதால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. அணிலுக்குப் புண்ணியம். ஸ்க்ரூ டிரைவரும் கிடைத்துவிட்டது. மாடி ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தேன். எத்தனை வருஷமாகவோ தெரியாது, காற்றடிக்கும்போதெல்லாம் அதைத்தான் தேடி எடுத்திருக்கிறேன்.

காதர் பாய் வாய்வீச்சில் மன்னர். வந்த அன்றைக்கே, "ரெண்டு மாசத்துல மெரினா வரைக்கும் ஓட்டிக் காட்றேன்மா" என்றார். அதற்குப் பிறகு மாதம் ஒன்று ஓடிவிட்டது, வண்டி ஓடவில்லை. செயினைத் தோண்டி எடுத்து டீசலில் ஊறப்போட்டிருக்கிறோம். திரும்புவதற்கான கிளட்ச் இரண்டும் துருப்பிடித்து இறுகிக் கிடக்கின்றன. இப்போதைக்கு ஓடினாலும் நேராகத்தான் போகும், எதிரே வீடிருந்தால் வீட்டுக்குள் போகும் என்கிறார். மத்தியானங்களில் அவர் தொழுகைக்குப் போனதும் நான் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறேன். வேப்பிலை நிழல் மடியில் ஆடுகிறது. கண் சொக்குகிறது. எங்கேயோ போய்க்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கிறது.

இப்போது சண்டை. அண்ணா, பிலஹரி பிரமாதம் என்று எழுதியிருக்கிறாய். ஸ்டிக்கரை ஒட்டிய பிறகு மனசு மாறி, நான் வாசித்தது ஆஹிரி. ஸ்டிக்கரை மாற்ற மறந்துபோனேன். காலையில் ஆஹிரி வாசித்தாலோ கேட்டாலோ அன்றைக்குச் சோறு கிடைக்காது என்பார்களே, எனக்கு அன்று கேஸ் தீர்ந்துபோய், ஆட்டோவில் போய் ஓட்டல் இட்லி தின்றேன். அந்த ஆஹிரியை நீ விடிகாலை வெளிச்சம் என்கிறாய்.

மூன்றாவது ஸ்வரத்திலேயே ராகம் சொல்கிறவன் நீ. கேட்கவே இல்லை என்றால் கேட்கவில்லை என்று எழுதியிருக்கலாம். எனக்கு வருத்தம்தான். மறைக்கவில்லை.

நீரஜா


நாக்பூர்
24 அக்டோபர் 2024

சிரஞ்சீவி நீரஜாவுக்கு,

ஆசீர்வாதம். இங்கே க்ஷேமம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

கிளட்ச் இறுகினால் பயப்பட வேண்டாம். கைப்பிடியைப் பின்னால் இழுத்துக் கயிற்றால் கட்டிவைத்து, பக்கவாட்டு மூடியைத் திறந்து எண்ணெய் விடச் சொல். மரக்கட்டையை வைத்துத் தட்டட்டும், சுத்தியலால் அடிக்கக் கூடாது. ஒன்று விடும், இன்னொன்று விடாமல் போகலாம். ஒரு பக்கம் திரும்பினாலே போதும், உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம். கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தேன். கனவில் திருவான்மியூர் மணல். ஒரு வீடுகூட இல்லை. நம் வண்டி தானாகப் போய்க்கொண்டிருக்கிறது, சீட்டில் ஆள் இல்லை. அது போன தடத்தில் தெருக்கள் முளைக்கின்றன. பின்னாலேயே விளக்குக் கம்பம், பால் பூத், கோலம் போடுகிற பெண்கள். நான் கூப்பிடுகிறேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியும் சத்தம் போடவில்லை. சத்தமில்லாமல் அவ்வளவு இரும்பு நகர்வதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. எழுந்த பிறகும் அந்த அமைதி அப்படியே இருந்தது.

பென்டிரைவ் பத்திரமாக இருக்கிறது.

உன் அண்ணா


அடையாறு
14 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். நான் சௌக்யம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்குமே, ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காதே.

வண்டி எழுந்துவிட்டது.

முறையாகச் சொல்கிறேன். ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமம் வைத்து, வழக்கம்போல் அதைத் தொடவில்லை. மறுநாள் விஜயதசமிக்குக் குட்டி இன்ஜின் கயிற்றின் பதினைந்தாவது இழுப்பிலோ இருபதாவதிலோ பிடித்துக்கொண்டது. காதர் பாய் என்னைப் பார்த்துச் சலாம் வைத்தார். பிறகு மழை வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. ஆறு கரை தொட்டு ஓடியது. தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வண்டி சும்மா கிடந்தது. போன வெள்ளிக்கிழமைதான் பெரியதைச் சுற்றவிட்டோம். முதலில் இருமல். அப்புறம் கறுப்புப் புகை, பக்கத்து அபார்ட்மென்டில் ஏழெட்டு ஜன்னல்களைச் சாத்தினார்கள். அப்புறம் ஓடியது அண்ணா. வேப்பமரம் நடுங்கிப் பழுத்த இலையெல்லாம் உதிர்ந்தது. எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. அறுபத்தோரு வயதில் நின்றுகொண்டே தூங்கியிருப்பேன்.

வலது கிளட்ச் விட்டுவிட்டது, இடது விடவில்லை. நீ சொன்ன மாதிரியேதான்.

ஆனால் உள்ளே ஒரு தட்டல். சீராக ஓடும் சத்தத்துக்கு நடுவே டொக் என்று ஒன்று. காதர் பாய் உடனே நிறுத்திவிட்டார். உள்ளே பேரிங் போய்விட்டது, இப்படியே ஓட்டினால் இன்ஜின் உடைந்து வெளியே வரும் என்கிறார். பிரித்தால் சாமான் கிடைக்காது, தை முடிவதற்குள் மூட முடியாது, அப்படியென்றால் கேஸ் வைத்து வெட்டுகிறவன்தான். எனக்கு மட்டும் அந்தத் தட்டல் புதிதாகத் தோன்றவில்லை. முன்பே இருந்ததோ? தொட்டில் ஞாபகத்தை நம்பி இன்ஜினை ஓட்ட முடியுமா? அதைக் கேட்டுச் சொல்ல உன் காது ஒன்றுதான் இருக்கிறது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணாவின் போனுக்கு அடித்தேன். இன்ஜின் பக்கத்தில் பிடிக்கிறேன், அப்பாவைக் கூப்பிடு என்றேன். "அப்பா வாக்கிங் போயிருக்கார் அத்தை" என்றான். ஒரு மணி கழித்து அடித்தேன், அப்போதும் வாக்கிங். நாக்பூரிலிருந்து நடந்தே இங்கே வருகிறாயா?

தயவுசெய்து ஒரு தடவை போனில் கேள். ஒரே ஒரு நிமிஷம்.

நீரஜா


நாக்பூர்
28 டிசம்பர் 2024

சிரஞ்சீவி நீரஜாவுக்கு,

ஆசீர்வாதம். எல்லோரும் க்ஷேமம்.

வண்டி ஓடியது பற்றிச் சந்தோஷம். அந்தப் பாராவைப் பலமுறை படித்தேன்.

தட்டலை எழுத்தில் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அப்பா காலத்திலும் ஒரு தட்டல் உண்டு. வாசலில் யாரோ தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டுவது போல இருக்கும். அதுதானா இது என்று எனக்குத் தெரியாது. போனில் இரும்புச் சத்தம் சரியாக வராது, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது பாவம். இப்போதைக்கு ஓட்டாதே. காதர் சொல்கிறபடி கேள். வெட்ட வேண்டி வந்தால், அந்த இரண்டு கைப்பிடிகளை மட்டும் எடுத்து வை.

போன் மட்டும் செய்யாதே.

அண்ணா


அடையாறு
4 ஜனவரி 2025

அண்ணா,

நமஸ்காரம். இன்றைக்கு மற்ற விசாரிப்பெல்லாம் இல்லை, ஒன்றுதான்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, எங்க அண்ணாவுக்கு இந்த வண்டிமேல் பாசம் போய்விட்டது, என்மேலும் போய்விட்டது என்று காதர் பாயிடமே புலம்பிவிட்டேன். உனக்கு அந்த வண்டிச் சத்தத்தைக் கேட்க ஒரு நிமிஷம் இல்லை என்று ரொம்பக் கோபமாகப் பேசினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, உங்க அண்ணன் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார். இந்த வண்டி, அதற்கப்புறம் முப்பது வருஷம் நாக்பூர்ப் பக்கம் சுரங்கத்தில் இதைவிடப் பெரிய வண்டிகள் என்றேன்.

"அப்ப அவரு காது எப்டிமா கீது?" என்றுவிட்டுத் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். "எங்க அத்தாவும் செயின் வண்டிதான். அம்பது வயசுக்கு மேல ஊட்ல எல்லாரும் கத்திக்கினே இருப்போம்."

நான் வீட்டுக்குள் வந்து உன் கடிதங்களையெல்லாம் எடுத்துப் பரப்பிவைத்தேன். போன் வேண்டாம் என்றது. பிலஹரி. கிருஷ்ணா சொன்ன வாக்கிங். சத்தமே இல்லாத அந்தக் கனவு.

அண்ணா, உனக்குக் காது கேட்கிறதா?

நீரஜா


நாக்பூர்
13 ஜனவரி 2025

சிரஞ்சீவி நீரஜாவுக்கு,

ஆசீர்வாதம்.

கேட்கவில்லை.

ஐந்தாறு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. போன வருஷத்துக்கு முந்தின புரட்டாசியில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது குருவி மரத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. வலது காதில் நரம்பே போய்விட்டதாம். இடது காதில் உள்ளே ஒரு குட்டி எலும்பு இறுகிப்போய் அசைய மாட்டேன் என்கிறதாம், உன் இடது கிளட்ச் மாதிரி. மெஷின் மாட்டினார்கள். அது விசில் அடித்தது. கழற்றி மேஜை டிராயரில் வைத்துவிட்டேன். குக்கர் ஆவி மட்டும் விடுகிறது. மழை ஜன்னலில் கோடு கோடாக இறங்குகிறது. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி. பயமாக இல்லை. சில மத்தியானங்களில் அது சுகமாகக்கூட இருக்கிறது. உன்னை நினைத்தால்தான் சுகமாக இல்லை.

கிருஷ்ணாவைத் திட்டாதே. வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தது நான். உனக்கு என்ன எழுதுவது? மேடை, கச்சேரி என்று நீ ஒன்றும் போகவில்லை. நீ வாசித்தாய், நான் சமையலறையில் இருந்தேன், அவ்வளவுதான் நம் சங்கீதம். எனக்குக் கேட்காது என்று தெரிந்தால் நீ வீணையை உறை போட்டு மூடிவிடுவாய். அந்தப் பயம்தான்.

உன் பென்டிரைவைப் போட்டு, ஸ்பீக்கர் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏதோ அதிர்ந்தது. மேலே பிலஹரி என்று இருந்தது. அதனால் பிலஹரியையே மனசுக்குள் ஓடவிட்டேன். நீ வாசிக்காத அந்த பிலஹரி உண்மையிலேயே நன்றாக இருந்தது.

தட்டலைச் சொல்ல இனி யாரும் இல்லை. வண்டியைக் கொடுத்துவிடு.

அண்ணா


அடையாறு
18 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். பொங்கல் நல்லபடியாக ஆயிற்று. உன் கடிதம் கனுவுக்கு மறுநாள் வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு காபி போட்டுக் குடித்தேன். பிறகு கிருஷ்ணாவுக்குப் போன் செய்து ஒரு பாட்டம் திட்டினேன், அதில் உன் பங்கும் சேர்த்துத்தான். அவன் உனக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். இருபத்து நாலாம் தேதி ஏறுகிறாய்.

வர மாட்டேன் என்று எழுதாதே. அந்தக் கடிதம் இங்கே வருவதற்குள் நீ வந்துவிடுவாய்.

குட்டி எலும்பு இறுகினால் இறுகட்டும். இடது காதில் நரம்பு போகவில்லையே, மண்டை எலும்பும் நன்றாகத்தானே இருக்கிறது? நம் வீட்டில் அது எல்லோருக்கும் கெட்டி. அப்பாவின் ஸ்க்ரூ டிரைவரைப் பற்றி எனக்கு எழுதியவன் நீ. காதுக்குள் வைத்துக்கொள்ளும்படி எழுதவில்லை, காதுக்குப் பின்னால் எலும்பில் வைக்கும்படி எழுதினாய். திரும்ப எடுத்துப் படித்தேன்.

கேட்குமோ கேட்காதோ, எனக்குத் தெரியாது. கேட்காவிட்டால் இரண்டு பேரும் அந்தச் சீட்டில் ஒரு மத்தியானம் உட்கார்ந்துவிட்டு, வெட்டுகிறவனை நானே கூப்பிடுகிறேன். ஆனால் நீ கேட்டுப் பார்க்காமல் அதை வெட்டவிட மாட்டேன்.

ஸ்வெட்டர் வேண்டாம். இங்கே புழுக்கம்.

நீரஜா


தி.நகர்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். புது வீடு என்றால் இரண்டு அறை, ஒரு பால்கனி, கீழே நாள் முழுக்க ஹாரன். நான் சௌக்யம். நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று கிருஷ்ணா சொன்னான். சென்ட்ரலில் பையைச் சோதித்தவர்கள் இவ்வளவு நீள ஸ்க்ரூ டிரைவர் எதற்கு என்று கேட்டார்களாமே. நீ, "பாட்டு கேக்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாயாம்.

நீ இருந்து பார்த்ததையே உனக்கு எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ பார்க்காத பக்கம் ஒன்று இருக்கிறது.

அன்று காலை இன்ஜின் எழுந்ததும் நீ அதன் பக்கத்தில் போய் நின்றாய். முகத்தில் ஒன்றும் இல்லை. வேப்பமரத்தைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாய். காதர் பாய் என்னிடம், "காது கேக்காதவர சத்தம் கேக்கச் சொல்றீங்களேமா" என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொல்ல அவசியமே இல்லை என்று அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. எனக்கு உன்னை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

நீ ஸ்க்ரூ டிரைவரை நடு இன்ஜினில் வைத்து, பிடியை இடது காதுக்குப் பின்னால் அழுத்தினாய். கண்ணை மூடினாய். கொஞ்சம் தள்ளி வைத்தாய். இன்னும் கொஞ்சம். அப்பா தேய்த்த குழி உன் எலும்பிலும் சரியாக உட்கார்ந்தது. அப்போது உன் வாய் லேசாகத் திறந்தது அண்ணா. தொட்டிலில் குழந்தைக்குத் திறக்குமே, அந்த மாதிரி. முன்பக்க மூடிவரை நகர்ந்து போய் அங்கேயே நின்றுவிட்டாய்.

"பேரிங் இல்லே," என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாய். "முன்னாடி பல்சக்கரம். அப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான் தட்டிண்டிருக்கு. ஏத்துங்கோ."

காதர் பாய் நம்பாமல் மூடியைத் திறந்து பார்த்தார். சக்கரம் கொஞ்சம் ஆடியது, மற்றதெல்லாம் கெட்டி. கரீட்டு, கரீட்டு என்று சொல்லிக்கொண்டே உன் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நாம் இரண்டு பேரும் அந்த அகலச் சீட்டில். இடது பக்கம் திரும்ப மறுத்த வண்டியை வலது பக்கமாகவே ஒரு முழு வட்டம் அடிக்கவிட்டு, வேப்பமரத்தைப் பிரதட்சிணம் செய்துதானே வாசலுக்குக் கொண்டுவந்தாய். நாம் நகர்ந்த மாதிரியே எனக்குத் தோன்றவில்லை. மரமும் சுவரும் ஜன்னலில் நின்று பார்த்தவர்களும் மெதுவாக நம்மைத் தாண்டிப் போனார்கள். டிரெய்லரின் பலகையில் செயின் ஏறியபோது கோதண்டபாணி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அது போன வாரம் தோப்பில் ஒரு சவுக்கு வேரை இழுத்ததாம், தட்டிக்கொண்டே.

இப்போது நான் சொல்லாமல் விட்ட ஒன்று.

அன்று மாலை, கொல்லை காலியாகிவிட்டது என்று நாம் இருவரும் அந்தப் பக்கம் போகாமல் இருந்தோமே, நீ கை அலம்பப் போனபோது நான் வீணையை எடுத்து அனுமந்தரத்தை வேண்டுமென்றே ஒரு மயிரிழை இறக்கிவைத்தேன். காலையில் நீ இரும்பைச் சொன்னாய். அது கேட்டதாக இருக்கலாம், அப்பாவின் ஞாபகமாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிய வேண்டும். நீ வந்து உட்கார்ந்தாய், ஸ்க்ரூ டிரைவரை வீணைக் குடத்தில் வைத்துப் பிடியைக் காதோரம் வைத்தாய். நான் வாசிக்க ஆரம்பித்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"அனுமந்தரம் இறங்கியிருக்கு. ஏத்து."

தந்தியை முறுக்குகிற பிருடையை அளவுக்கு மேல் திருப்பி, மறுபடி இறக்கினேன். வயசாச்சோல்லியோ என்று சொன்னேன், உனக்கு அது கேட்கவில்லை.

இதோடு ஒரு பென்டிரைவ் இருக்கிறது. இந்தத் தடவை அதன்மேல் ஒன்றும் ஒட்டவில்லை. ஸ்பீக்கர் பெட்டியில் ஸ்க்ரூ டிரைவரை வை. என்ன ராகம் என்று நீ எழுது.

நீரஜா


நாக்பூர்
3 மார்ச் 2025

சிரஞ்சீவி நீரஜாவுக்கு,

ஆசீர்வாதம். எல்லோரும் க்ஷேமம். காலையில் குளித்ததும் முதல் காரியமாக ஸ்பீக்கர் பெட்டியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

காலையிலேயே இந்த ராகத்தைக் கேட்டாயிற்று, இன்றைக்கு எனக்குச் சோறு கிடைக்காது. ஸ்ரீரஞ்சனி இலை போட்டுவிட்டுக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடுகிறாள். எழுந்திருக்க மனசில்லை. இரண்டாம் தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணா